அசையாத நாற்காலி

இரவு பதினொரு மணி. பழைய ஸ்டியரிங் செட் ஒன்றை நண்பர் ஒருவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கி வந்திருந்தேன். எழுதுமேசையின் விளிம்பில் ஸ்டியரிங்கைக் கவ்வியால் இறுக்கினேன். பெடல்களைத் தரையில், சுவரை ஒட்டி வைத்தேன். உட்கார இருக்கவே இருக்கிறது, நான் தினமும் எழுதும் உருளைக்கால் ஆபீஸ் நாற்காலி.

திரையில் இத்தாலியின் மோன்சா தடம். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் முதல் திருப்பம் வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் நின்றதா என்று பார்க்க நான் மேசை அருகில் இல்லை. பின்னாலிருந்த புத்தக அலமாரியில் போய் முட்டிக்கொண்டிருந்தேன். மேல்தட்டிலிருந்து ஓர் அகராதி விழுந்தது.

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, காரு ஓட்டறீங்களா, வீட்டை இடிக்கிறீங்களா?"

மறுநாள் நாற்காலியின் காலை மேசைக் காலோடு கயிறு போட்டுக் கட்டினேன். நாற்காலி ஓடவில்லை, மேசை ஆடியது. மேசையைச் சுவரோடு நெருக்கினேன். இப்போது ஸ்டியரிங் கவ்வி இளகியது. ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் ஒழுகும் கூரை மாதிரி, விசை எங்காவது வழி தேடிக்கொண்டே இருந்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. 1687இல் நியூட்டன் எழுதிவைத்த மூன்றாம் விதிதான். பெடலை நான் 30 கிலோ அளவுக்கு அழுத்தினால் பெடல் என்னை அதே 30 கிலோவால் பின்னுக்குத் தள்ளும். உருளைக்கால் நாற்காலியை டைல்ஸ் தரையில் நகர்த்த 2, 3 கிலோ விசையே தாராளம். உண்மையான காரில் பெடலும் இருக்கையும் ஒரே உலோகக் கூட்டில் பொருத்தப்பட்டவை. காலின் தள்ளலும் முதுகின் எதிர்த்தள்ளலும் அந்தக் கூட்டுக்குள்ளேயே கணக்குத் தீர்த்துக்கொள்ளும். என் அறையிலோ பெடல் சுவரை நம்பியிருந்தது, நாற்காலி தரையை நம்பியிருந்தது, ஸ்டியரிங் மேசையை நம்பியிருந்தது. மூன்றுக்கும் இடையே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சிம் ரேசிங் ஆட்கள் 'காக்பிட்' என்றும் 'ரிக்' என்றும் சொல்வது இந்த உறவை ஏற்படுத்தும் சட்டகத்தைத்தான். பெடல், இருக்கை, ஸ்டியரிங் மூன்றையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் கட்டிப்போடுவதே அதன் வேலை. மரத்தில் செய்யலாம், இரும்பில் செய்யலாம், லட்சக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். எதில் செய்தாலும் ஒரு கேள்விக்கு முதலில் விடை வேண்டும். கார் ஓட்டும்போது உடலுக்குக் கிடைக்கும் உணர்வுகளில் எவற்றை வீட்டில் மெய்யாகவே உண்டாக்க முடியும்? எவற்றை ஏமாற்றி மட்டுமே காட்ட முடியும்? கையிலிருக்கும் பணத்தை எங்கே போடுவது என்பது இந்த விடையைப் பொறுத்தது.

காதுக்குள் ஒரு தராசு

கண்ணை மூடிக்கொண்டு ஓடும் ரயிலில் உட்கார்ந்திருங்கள். வண்டி ஒரே சீராக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனாலும் அந்த வேகம் உங்களுக்குத் தெரியாது. டிரைவர் பிரேக் போட்டால் உடனே தெரியும். உடல் உணர்வது வேகத்தை அன்று, வேகத்தின் மாற்றத்தை.

இதற்கான கருவி உட்செவியில் இருக்கிறது. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை அளக்கின்றன. அவற்றின் அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் கூழ் போன்ற படலம். அதன்மேல் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய கற்கள். கார் பிரேக் பிடிக்கும்போது கற்கள் முன்னோக்கிச் சரிகின்றன. படலத்துக்குக் கீழிருக்கும் மயிரணுக்கள் வளைகின்றன. மூளைக்குச் செய்தி போகிறது.

இந்தத் தராசுக்கு ஒரு பலவீனம் உண்டு. தலை முன்னால் சாய்ந்தாலும் அதே கற்கள் அதே திசையில்தான் சரியும். முடுக்கத்தையும் புவியீர்ப்பையும் இந்தக் கற்களால் பிரித்துச் சொல்ல முடியாது. 1907இல் ஐன்ஸ்டைன், கூரையிலிருந்து விழும் மனிதனுக்குத் தன் எடையே தெரியாது என்று யோசித்துப் பொதுச் சார்பியலுக்கு வழிபோட்டதும் இதே சமானத்திலிருந்துதான்.

சிமுலேட்டர் செய்கிறவர்கள் இந்தப் பலவீனத்தைத்தான் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்ற இளைஞரின் அப்பாவுக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளை எடுத்து, ஒரு சிறு பொம்மை விமானத்தின் அடியில் வைத்து, அது சாயவும் திரும்பவும் வழிசெய்தார் லிங்க். ஆண்டு 1929. முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் தபால் விமானங்களை ஓட்டப் பணிக்கப்பட்ட ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோது, அமெரிக்க ராணுவம் லிங்க் செய்த இந்தப் பயிற்சிப் பெட்டிகளில் 6 வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அந்தப் பெட்டிகளில் பழகியிருந்தார்கள்.

அடுத்த பாய்ச்சல் டயரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எரிக் காஃப், டயர்களை எல்லாத் திசையிலும் அழுத்திச் சோதிக்க, நீண்டு சுருங்கும் ஆறு கால்களில் நிற்கும் ஒரு மேடையை 1950களில் இயக்கினார். 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்கான ஆறு இயக்க மேடை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத, இந்தக் குடும்பம் முழுவதற்கும் 'ஸ்டூவர்ட் மேடை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. டயரைச் சோதிக்கப் பிறந்த எந்திரத்தின் வாரிசுகள்மேல்தான் இன்று கார் சிமுலேட்டர்கள் நிற்கின்றன.

ஐந்து சென்டிமீட்டரில் தீர்ந்துபோகும் பொய்

அப்படியானால் வீட்டிலும் அசையும் மேடை வாங்கிவிடலாமே? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு மேடைகளின் மோட்டார் கால்கள் பெரும்பாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் தூரம்தான் நகரும். நல்ல காரில் முழு பிரேக் போட்டால் கிடைப்பது சுமார் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான விசை. அந்த அளவு விசையோடு மேடையை நகர்த்தினால் 5 சென்டிமீட்டர் எவ்வளவு நேரத்தில் தீரும்? பள்ளிப் பாடத்தில் வந்த அதே சூத்திரம்தான்: தூரம் என்பது முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. விடை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் மோட்டார் கால் தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய ஓட்டுநர் சிமுலேட்டர் சுமார் 20 மீட்டருக்கு 20 மீட்டர் கூடத்தில் ஓடுகிறது. அதன் நடுவிலிருந்து புறப்பட்டாலும் 1 ஜி விசைக்கு ஒன்றரை வினாடியில் சுவர் வந்துவிடும்.

சரி, நகர்த்த வேண்டாம், சாய்ப்போம். முன்பக்கமாகச் சாய்த்தால் காதுக்கற்கள் ஏமாறும். ஆனால் சாய்க்கும் வேகத்தை அரைவட்டக் குழல்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது. இதற்கு சிமுலேட்டர் பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை வினாடிக்குச் சுமார் 3 டிகிரி. 0.3 ஜி அளவு பிரேக்கைக் காட்ட 17 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 6 வினாடி பிடிக்கும். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை முழு பிரேக்கில் நிறுத்த 3 வினாடிகூட ஆகாது. காது ஏமாறத் தொடங்கும்போது கார் நின்று வெகுநேரம் ஆகியிருக்கும். முழு 1 ஜி காட்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவரைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். ஃபார்முலா 1 கார் பிரேக்கில் வரும் 5 ஜி-யை எந்தச் சாய்வாலும் காட்ட முடியாது. பூமி தருவதே ஒரு ஜிதான்.

அசையும் மேடை வீண் என்று நான் சொல்லவில்லை. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும் முதல் துடிப்பை அந்தப் பத்தில் ஒரு வினாடியில் காட்டிவிடலாம். ஆனால் அது கடைசியாகச் சேர்க்க வேண்டிய அலங்காரம்.

இதே கணக்கு இன்னொரு பக்கம் நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. தடத்தின் ஓரத்திலுள்ள மேடுபள்ளமான விளிம்புக்கல்லில் சக்கரம் ஏறும்போது வண்டி அதிர்கிறது. வினாடிக்கு 50 முறை அதிரும் ஒரு பலகை 1 ஜி உச்ச முடுக்கத்தைத் தொட எவ்வளவு நகர வேண்டும்? இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவே. அதனால்தான் இருக்கைக்கு அடியில் திருகும் அதிர்வான்கள் அவ்வளவு மலிவாக அவ்வளவு மெய்யாக இருக்கின்றன. ஸ்பீக்கரிலிருந்து காகிதக் கூம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நம்மை வைத்தது போன்ற சாதனம் அது. மெதுவான பெரிய அசைவுக்கு வீட்டில் இடம் போதாது. வேகமான சிறிய அசைவுக்கு ஒரு கைப்பிடி இடம் போதும்.

கால் நினைவில் வைப்பது எதை?

என் நண்பர் ஒருவர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அமெச்சூர் பந்தயம் ஓட்டுகிறவர். யார் வீட்டு ரிக்கில் உட்கார்ந்தாலும் திரையைப் போடும் முன்பே அவர் கால் பிரேக்கைத் தேடும். இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "இது சரி" அல்லது "இது ஸ்பாஞ்சு" என்று தீர்ப்புச் சொல்வார். ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அவர் வழி சரியானது. மலிவான பெடல் செட்டில் பிரேக்கின் அச்சில் ஒரு மின்தடைமாற்றி இருக்கும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும் திருகுக்குள் இருப்பதும் அதுதான். பெடல் எத்தனை டிகிரி இறங்கியது என்பதை மட்டும் அது சொல்லும். உண்மையான காரில் பிரேக் அப்படி வேலை செய்வதில்லை. பட்டைகள் வட்டைத் தொட்டபிறகு பெடல் பெரிதாக நகராது. அதன்பின் கார் எவ்வளவு மெதுவாகிறது என்பதைக் கால் கொடுக்கும் விசையே முடிவுசெய்யும். பெரும்பாலான பந்தயக் கார்களில் நம் வீட்டுக் கார்களில் இருப்பதுபோல உதவிக்கு பூஸ்டரும் கிடையாது. ஃபார்முலா 1 ஓட்டுநர் ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும் 100 கிலோவுக்கு மேல் மிதிக்கிறார்.

உடலும் இடத்தையும் விசையையும் தனித்தனியே அளக்கிறது. தசை எவ்வளவு நீண்டது என்பதைத் தசைக்குள்ளிருக்கும் கதிர் வடிவ உணரிகள் சொல்கின்றன. எவ்வளவு இழுவிசை என்பதைத் தசைநாண்களில் உள்ள கோல்கி உறுப்புகள் சொல்கின்றன. ஷூ போட்ட கணுக்காலை 11 டிகிரி இறக்கு, 13 வேண்டாம் என்றால் யாருக்கும் கைவராது. 'இந்த அளவு அழுத்து' என்பதைக் கால் விரைவில் கற்றுக்கொள்கிறது, மறுநாளும் மறப்பதில்லை.

விசையை அளக்கும் பெடலுக்கு 'லோட் செல்' பெடல் என்று பெயர். ஓர் உலோகக் கம்பியை இழுத்தால் அது நீண்டு மெலியும். அதன் மின்தடை கூடும். 1856இல் கெல்வின் பிரபு இதைக் கண்டு சொன்னார். 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல், மெல்லிய கம்பியை உலோகத்தின்மேல் ஒட்டி அந்த உலோகத்தின் நெளிவை அளந்தார்கள். அப்படி ஒட்டிய நான்கு தடைகளை ஒரு பாலமாக இணைத்தால் லோட் செல் தயார். முழுச் சுமை ஏறினாலும் அது தருவது வெறும் 10 மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தம்தான். அதைப் பெருக்கி எண்ணாக்கும் சில்லு இன்று மலிவு. உங்கள் மளிகைக் கடைக்காரர் பருப்பு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் இருப்பதும் இதே பொருள்தான். சாலிடரிங் தெரிந்தவர்கள் தராசு உதிரிகளிலிருந்தே பிரேக் பெடல் செய்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் ஸ்டியரிங்கை மாற்றும் முன்பு பிரேக்கை மாற்றுவது நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் நேரம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் பிரேக் விடும் இடத்தில்தான்.

ஆனால் லோட் செல் வந்ததும் என் பழைய நோய் திரும்பியது. இப்போது 50 கிலோவுக்கு மிதிக்கிறேன். அந்த 50 கிலோவைத் தாங்க அடியில் ஒன்றும் இல்லை.

பசை போட்ட பலகை

எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். நான் வரைந்திருந்த சட்டகப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் உட்காரப் போகுது?" என்றார். "நான்தான்" என்றேன். மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொண்டார்.

பெடல்கள் நிற்கும் பலகை சட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அகலமும் 30 சென்டிமீட்டர். 18 மில்லிமீட்டர் பிளைவுட். 50 கிலோவை அதன் நுனியில் வைத்தால் எவ்வளவு வளையும்? ஒருமுனை ஊன்றிய உத்திரத்தின் கணக்கு இது. 1638இல் கலிலியோ சுவரில் செருகிய உத்திரத்தைக் கொண்டு தொடங்கிவைத்த கேள்வி. நான் போட்டுப் பார்த்தபோது வந்த விடை சுமார் 4 மில்லிமீட்டர். பிரேக்கை மிதிக்கும்போது பலகை 4 மில்லிமீட்டர் ஓடினால், கால் உணர்வது பிரேக்கை இல்லை, பலகையை. நண்பர் சொன்ன 'ஸ்பாஞ்சு' அதுதான்.

"ரெண்டு பலகையா போட்டுடலாமே?" என்று கேட்டேன்.

"சும்மா அடுக்கினா பிரயோஜனம் இல்ல சார். பசை போட்டு, கிளாம்ப் வெச்சு இறுக்கி, ஒரு ராத்திரி விடணும். அப்பதான் ஒரே கட்டையா நிக்கும்."

அவர் அனுபவத்தில் சொன்னதை இயற்பியல் அப்படியே வழிமொழிகிறது. இரண்டு பலகைகளை வெறுமனே அடுக்கினால், வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். ஒட்டிவிட்டால் வழுக்க முடியாது. இரண்டும் சேர்ந்து 36 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைப் பலகையாகிவிடும். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டின் மும்மடி எட்டு. 4 மில்லிமீட்டர் வளைவு அரை மில்லிமீட்டராகச் சுருங்கியது. நீளத்துக்கும் அதே மும்மடிக் கணக்குதான். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகும். ஆகவே தடிமனாக்குங்கள், குட்டையாக்குங்கள். இரண்டும் முடியாவிட்டால் குறுக்கே ஒரு முக்கோணத் தாங்கு கொடுங்கள்.

கடைகளில் பரவலாக விற்பது அலுமினியச் சட்டகம். நான்கு பக்கமும் நீளப் பள்ளம் ஓடும் 40க்கு 40, 40க்கு 80 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டைகள். தொழிற்சாலை எந்திரங்களுக்கு மேசையும் கூண்டும் அமைக்க வந்தவை இவை. இவற்றை வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, 40க்கு 80 கட்டையை எப்போதும் 80 பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும் என்பது. படுக்கவைத்தால் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி படுத்துவிடும்.

ஓர் உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. அதே அளவு, அதே வடிவத்தில் இரும்பு, அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பானது. உங்கள் பேட்டையில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்யும் வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயில் செய்து வாங்கும் சட்டகம் விறைப்பில் யாருக்கும் சளைத்ததாக இராது. அலுமினியத்தின் பலம் வேறு. பள்ளத்தில் நட்டைத் தளர்த்தி, பெடலை ஒரு சென்டிமீட்டர் தள்ளி, மறுபடி இறுக்கலாம். வெல்டிங் செய்த இரும்பில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே இரும்பில் செய்கிறவர்கள் முதலில் பழைய பலகை, செங்கல், தலையணை என்று எதையாவது வைத்து உட்கார்ந்து பார்த்து, தங்கள் அளவுகளை முடிவுசெய்துகொண்டு பட்டறைக்குப் போக வேண்டும்.

இருக்கைக்கு நான் போன இடம் சென்னைப் புதுப்பேட்டை. உடைக்கப்பட்ட கார்களின் உதிரிகள் குவியும் அந்தச் சந்தில் ஓட்டுநர் இருக்கை ஒன்று தண்டவாளத்தோடு கிடைத்தது. கார் இருக்கை மோதலைத் தாங்கச் செய்யப்பட்டது. என் காலின் 50 கிலோ அதற்குத் தூசு. அதிலேயே முன்பின் நகர்த்தும் வசதியும் முதுகைச் சாய்க்கும் வசதியும் இருக்கின்றன.

உட்காரும் முறைக்கு இரண்டு சோதனை போதும். பிரேக்கை முழுதும் மிதித்த நிலையில் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். நிமிர்ந்துவிட்டால் விசை போய்விடும். தோள் முதுகுச்சாய்வை விட்டு எழாமல், நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். குதிகால் இடுப்புக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பது நீங்கள் ஓட்டப்போகும் காரைப் பொறுத்தது. கூரையுள்ள காரில் கால் தாழ்ந்திருக்கும். ஃபார்முலா காரில் குளியல் தொட்டியில் சாய்ந்த மாதிரி, கால் இடுப்புயரத்துக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே ரிக்கில் எதிர்பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

கைக்கு வரும் செய்தி

ஸ்டியரிங் ஏன் தானாக நேராகத் திரும்புகிறது? திரும்பும் காரில் டயரின் தரையைத் தொடும் பகுதி சற்றே முறுக்கிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை அந்தப் பகுதியின் நடுவில் விழாமல் சிறிது பின்னால் விழுகிறது. அந்தச் சிறு தூரம் நெம்புகோலாகிச் சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது அந்தத் தூரம் சுருங்கத் தொடங்குகிறது. பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகவே கையில் ஸ்டியரிங் இலேசாகிவிடும். 'இதற்குமேல் கேட்காதே' என்று டயர் அனுப்பும் செய்தி அது. நல்ல ஓட்டுநர் காத்திருப்பது அந்த இலேசான கணத்துக்காக.

வீட்டு ஸ்டியரிங்கின் மோட்டார் இந்தச் செய்தியைத்தான் கொண்டுவர வேண்டும். மலிவானவை பல்சக்கரம் வழியாகவும், நடுத்தரமானவை ரப்பர் பட்டை வழியாகவும் திருகுவிசையைக் கைக்கு அனுப்புகின்றன. பல்சக்கரத்தின் கடகடப்பிலும் பட்டையின் நெகிழ்விலும் நுண்ணிய செய்திகள் கரைந்துபோகும். 'டைரக்ட் டிரைவ்' வகையில் ஸ்டியரிங் நேராக மோட்டாரின் அச்சிலேயே மாட்டப்படுகிறது. இடைத்தரகர் இல்லை.

திருகுவிசையின் அளவு நியூட்டன் மீட்டர். பல்சக்கர வகை சுமார் 2, டைரக்ட் டிரைவின் தொடக்க வகைகள் 5 முதல் 8, பெரியவை 20ஐயும் தாண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் 2 என்பது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு; 8 என்பது ஐந்தரைக் கிலோ அளவு. பெரிய எண்ணின் பயன் முரட்டுத்தனத்தில் இல்லை. மோட்டாரின் உச்சத்துக்கு மேல் விசை கேட்கப்பட்டால் அது உச்சத்திலேயே தட்டையாக நின்றுவிடும். டயர் இலேசாகும் அந்தச் செய்தி வெட்டுப்பட்டுவிடும். 8 அளவுள்ள மோட்டாரில் பெரும்பாலானோருக்கு இந்தக் குறை தீர்ந்துவிடும். 20 அளவுள்ளதை வாங்குகிறவர்கள் கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிக்குள் கோத்துப் பிடிக்கக் கூடாது. சுவரில் மோதும் கணத்தில் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். அவசர நிறுத்தப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓட்டை வழியே பார்த்த ஓவியம்

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நகரில் கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கி ஒரு கட்டடத்தைப் பலகையில் தீட்டி, அந்தப் பலகையில் ஒரு துளையிட்டார். பார்க்கிறவர் பலகையின் பின்புறத்திலிருந்து துளை வழியாக, எதிரே பிடித்த கண்ணாடியில் அந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும். ஏன் இந்தச் சுற்றுவழி? நேர்க்கோட்டுத் தொலைவுக் காட்சிக்குக் கண் நிற்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் தூரங்கள் பொய்யாகும்.

சிம் ரேசிங் திரையும் அப்படிப்பட்ட பலகைதான். திரையின் அகலத்தில் பாதியைக் கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தால் வகுத்து, அந்த விகிதத்துக்குரிய கோணத்தை இரட்டித்தால் சரியான பார்வைக் கோணம் கிடைக்கும். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கோணம் 46 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளினால் 33தான். பல விளையாட்டுகளில் தொடக்க அமைப்பு இதைவிட அகலமாக இருக்கும். அகலமான கோணத்தில் வேகம் சீறும், ஆனால் திருப்பங்கள் இருக்கும் தூரத்தைவிடத் தள்ளித் தெரியும். சரியான கோணத்துக்கு மாற்றியதும் முதல் நாள் கார் ஊர்வதுபோலத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்தால் பிரேக் போடும் இடம் கைக்குள் வந்துவிடும்.

எனவே பெரிய திரை வாங்கக் காசு இல்லையென்றால், இருக்கும் திரையை முன்னால் இழுங்கள். ஸ்டியரிங் மோட்டாருக்கு நேர் பின்னால், கண்ணுக்கு நேர் உயரத்தில் அது நிற்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. மூன்று திரைகளும் தலையில் மாட்டும் விஆர் கருவியும் பக்கவாட்டுப் பார்வையைக் கூட்டும். விஆர் கருவியில் கண் 'ஓடுகிறோம்' என்று சொல்ல, காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்று சொல்ல, நடுவில் வயிறு குழம்பும். தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கருவிக்குள் முகம் வியர்க்கும் வியர்வைக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் அவசியம். அது வேகக் காற்றாகவும் பயன்படும்.

தீர்ப்பு

இப்படிப் பாதி மெய்யும் பாதி பொய்யுமான நாற்காலியில் கற்றது உண்மையான தடத்தில் செல்லுபடியாகுமா? 2008இல் நடந்த முதல் 'ஜிடி அகாடமி' போட்டியில், பிளேஸ்டேஷனில் ஓட்டி வென்று பந்தயத்துக்குள் நுழைந்தார் ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனியெஸ். 2011 லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது. அதே வழியில் வந்த வேல்ஸ் இளைஞர் யான் மார்டன்பரோ 2013 லீ மானில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். வீட்டில் அவர்கள் பழகியபோது எந்த ஜி விசையும் அவர்களைத் தள்ளவில்லை. கண்ணும் கையும் காலும் கற்றுக்கொண்டவை போதுமானவையாக இருந்தன; மீதியை உண்மையான தடம் கற்றுக்கொடுத்தது.

ஆகவே என் வரிசை இது: முதலில் விறைப்பான சட்டகம், அடுத்து லோட் செல் பிரேக், திரையை அருகில் இழுத்துச் சரியான கோணம், பிறகு டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங், அதன்பின் இருக்கையடியில் அதிர்வான். அசையும் மேடைக்கு ஆசைப்படுவது இவை ஐந்தும் முடிந்தபிறகு.

வாங்குவதற்கு முன்போ, செய்து முடித்தபின்போ, ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கம்ப்யூட்டரைப் போட வேண்டாம். இருக்கையில் உட்கார்ந்து, அவசரத்துக்கு நிறுத்துவதுபோல பிரேக்கை ஓங்கி மிதித்து, அழுத்தியபடியே இருங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, எது அசைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெடல் பலகையா, இருக்கையின் முதுகா, ஸ்டியரிங் தூணா? அடுத்த செலவு அங்கேதான். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையைப் பார்த்துச் சொன்னவர் என் மனைவி. "எதுவும் ஆடலைங்க" என்றார். அன்றிலிருந்து அகராதி மேல்தட்டிலேயே இருக்கிறது.